இமேஜ் அக்கா எடுத்த விடுப்பு

இமேஜ் அக்காவுக்கு வருகிற போன்களில் பாதி, யாராவது ஒருவருடைய மூக்கைப் பற்றியதாக இருக்கும். "கல்யாணப் படத்துல என் மூக்கு பெருசா விழுந்திருக்கு அண்ணி, கொஞ்சம் சின்னதாக்கித் தர முடியுமா?" என்று நாத்தனார் கேட்பாள். சித்தப்பா ஒருவர், செத்துப்போன தன் அண்ணனின் படத்தை அனுப்பி, "கண்ணு மூடியிருக்கு, திறந்து குடும்மா" என்றாராம். அக்கா கம்பெனியில் 'இமேஜ்' வேலை பார்க்கிறாள் என்று யாரோ வாயை விட, அது சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் விளக்கிப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய், மூக்கைச் சின்னதாக்கவே கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் அவளுக்கு இருந்த நல்ல பெயரெல்லாம் அந்த மூக்குகளால் வந்தது. கம்பெனியில் அதுகூடக் கிடைக்கவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்து மேஜை. என் உத்தியோகம் குறை கண்டுபிடிப்பது. அடுத்தவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே இடிக்கிறது, எங்கே விழுகிறது என்று தேடிப் பிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் கணவர் புலம்புவார். புலம்பட்டும். குறை இருக்கிறது, சொல்கிறேன். இங்கேயும் சொல்லத்தான் போகிறேன்.

அக்கா உண்மையில் பார்த்த வேலை வேறு. எங்கள் கம்பெனியில் நிறையப் பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதியதை அப்படியே தூக்கி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட முடியாது. எல்லாருடைய துண்டுகளையும் கோத்து, சோதித்து, ஓடக்கூடிய ஒரே பொருளாகக் கட்டித் தர வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். அதைச் செய்வதற்கென்று மிஷின்கள் உண்டு. ஒருவர் பொத்தானை அழுத்தினால் அவருக்காக ஒரு மிஷின் புதிதாகப் பிறக்கும், வேலையை முடித்துக் கொடுக்கும், அத்தோடு அழிந்துபோகும். அடுத்தவருக்கு இன்னொன்று பிறக்கும். இப்படிப் பிறக்கிற மிஷின்களுக்கெல்லாம் ஒரு அச்சு உண்டு. அந்த அச்சுதான் இமேஜ். எழுதுகிறவர்களுக்குத் தேவையான டூல்கள் அத்தனையும் அதற்குள் சரியான வெர்ஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார வைத்துக்கொண்டே இருந்தவள் அக்கா.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் அவள் இப்படித்தான் சொல்வாள்: "நீ சமைக்க வர்றேன்னு வச்சுக்கோ. உனக்குன்னு ஒரு புது அடுப்படி கட்டிக் குடுப்போம். சமைச்சு முடிச்சதும் இடிச்சிடுவோம். அடுத்தவ வந்து நிக்கிறப்ப இன்னொரு அடுப்படி. அதுலயும் உப்பு அதே இடத்துல இருக்கணும், கத்தி கூரா இருக்கணும், காலாவதியான எண்ணெய் இருக்கக் கூடாது. அவ்வளவுதாம்மா என் வேலை."

கேட்க லேசாக இருக்கும். ஆனால் டூல் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வாரம் தவறாமல் ஒவ்வொன்றுக்கும் புது வெர்ஷன் விடுவார்கள். ஒன்றைப் புதுசாக்கினால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். ஒரு குழுவுக்குப் புதுசு இல்லாமல் ஆகாது, இன்னொரு குழு பழசை விட்டு நகராது. இரண்டு ஓரகத்திகளை ஒரே வீட்டில் சண்டை வராமல் குடும்பம் நடத்த வைக்கிற வேலை அது. அக்கா ஒவ்வொரு டூலாகப் புதுசாக்கி, அதைக் கொண்டு எல்லாக் குழுவின் புரோகிராமையும் ஒருமுறை கட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று திரை பச்சை காட்டிய பிறகுதான் புது இமேஜை வெளியே விடுவாள். அதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

சரியாக இருக்கிற நாளில் அவள் மேஜைப் பக்கம் ஈ காக்கா வராது. சார்ஜர் இரவல் கேட்க மட்டும் வருவார்கள். என்றைக்காவது ஒன்று பிசகினால் போதும், ஊரே திரண்டு வந்து நிற்கும். "என்னக்கா, இமேஜ் டேமேஜ் ஆயிடுச்சா?" என்று ஒருவன் கேட்பான். அந்த ஜோக்கைத் தானே கண்டுபிடித்த மாதிரி சிரிக்கவும் செய்வான். அக்காவும் கூடச் சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் ஏன் இந்த வேலையில் இப்படி ஒட்டிக்கொண்டாள் என்பதை ஒருநாள் சாப்பாட்டு அறையில் சொன்னாள். முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில், அவள் எழுதிய புரோகிராம் அவள் மேஜையில் ஓடியது, பில்ட் மிஷினில் விழுந்தது. "என் மேஜையில ஓடுதே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். தப்பு தன்மேல்தான் என்று நம்பி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தன் எழுத்தையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. படிப்பே தப்பான படிப்போ என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். கடைசியில் பார்த்தால், மிஷினில் இருந்த டூல் பழசு. யாரும் புதுசாக்கவில்லை.

"யாரோ போய் மாத்தினாங்க, ஓடிடுச்சு. அதோட எல்லாரும் மறந்துட்டாங்க. ஒருத்தர்கூட என்கிட்ட வந்து, இது உன் தப்பு இல்லம்மான்னு சொல்லல" என்றாள் அக்கா. "மிஷின் பண்ற தப்பை ஒரு மனுஷி தலையில கட்டக் கூடாது. அதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

இதை அவள் மேடையேறிச் சொல்லவில்லை, டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டப்பாவ இன்னும் எத்தன தடவ கழுவுவீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம். "சுருக்கமா சொல்லணும்னா" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார், அதற்கப்புறம் நாம் காபி குடித்துவிட்டு வரலாம். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். சிரித்த முகம், எல்லார் பிள்ளைகளின் படிப்பையும் விசாரிப்பார். ஆனால் ஒரு வாக்கியத்தின் முதல் பாதிக்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறாது.

ஒருநாள் கண்ணாடி அறைக்குள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். அதைச் சொல்லவே அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிறகு வரிசையாக ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்க கொஞ்ச நாள் வரலன்னா என்ன நிக்கும்?"

இதற்கெல்லாம் யாராவது உண்மை சொல்வார்களா? ஒருவன், தான் இல்லாவிட்டால் கம்பெனியே படுத்துவிடும் என்றான். அவன் வந்த நாளிலேயே பாதி நாள் போனும் கையுமாகத்தான் இருப்பான். நானும் என் பங்குக்கு, டெஸ்டர் இல்லாவிட்டால் வாடிக்கையாளர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று அடித்துவிட்டேன். அக்காவின் முறை வந்தது. அவள் யோசித்தாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உடனே ஒண்ணும் நிக்காது சார்" என்றாள்.

மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "ஏன்டி மிதிக்கிற?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டுவிட்டு, அவரிடம் தொடர்ந்தாள்: "மெதுவா பழசாகும் சார். யாருக்கும் தெரியாது. பழகினவங்க சமாளிச்சுப்பாங்க. அப்புறம் ஒருநாள் புதுசா வர்ற யாராவது..."

முதல் வாக்கியத்திலேயே சுருக்கத்தின் காது மூடிவிட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"சுருக்கமா சொல்லணும்னா, நீங்க லீவே எடுக்கறதில்ல. எடுங்க. ரெண்டு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க. லாப்டாப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எதாவது நின்னா, இந்த வேலைக்கு ஆள் கட்டாயம் வேணும்னு மேல நானே பேசறேன்."

"நிக்கலன்னா சார்?" என்று கேட்டது நான்.

"நிக்கலன்னா எல்லாருக்கும் சந்தோஷம்தானே!"

அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்தது. அவள் இல்லாத இரண்டு வாரத்தில் ஏதாவது நின்றால் அவளுக்கு வேலை இருக்கும். நிற்காவிட்டால் இருக்காது. இந்த வயதில் வெளியே போனால் இன்னொரு இடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரருக்கு வேலை நிலையாக நின்றதே இல்லை. கோபக்காரர், எங்கே போனாலும் முதலாளியோடு முட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவரும் அக்காவின் அம்மாவும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு அக்கா இல்லாமல் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க, இவளுக்கு லீவு போட நேரமில்லாமல், அது தள்ளிக்கொண்டே போயிருந்தது.

"அதுவும் நல்லதுக்குத்தான். அம்மா கண்ண முடிச்சிடலாம்" என்றாள் அக்கா, மேஜைக்குத் திரும்பியதும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க கழுத்துல கத்திய வச்சிருக்காரு, நீங்க என்னடான்னா கண்ணு ஆபரேஷன் பேசறீங்க" என்று கத்தினேன்.

அதற்கப்புறம்தான் முத்திரை விவகாரம் வந்தது.

கட்டி முடித்த புரோகிராமின்மேல், இது எங்கள் கம்பெனியுடையதுதான் என்று கடைசியில் ஒரு முத்திரை விழ வேண்டும். கையால் குத்துகிற முத்திரை இல்லை. இமேஜுக்குள் இருக்கிற ஒரு டூல் அதைப் போடும். முத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு. அது கடந்துவிட்டால் எந்தக் குழுவின் பொருளும் வெளியே போகாது. எல்லாமே சிவப்பாகிவிடும். அக்கா லீவுக்கு முந்தின வாரம் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "அட" என்றாள். முத்திரை காலாவதியாகிற நாள், அவள் லீவின் நடுவில், ஒரு புதன்கிழமை விழுந்தது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன்.

"அக்கா, விட்டுடுங்க."

"எதை?"

"நீங்க பாக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியவே தெரியாது. புதன்கிழமை தானா வெடிக்கும். சுருக்கம் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கை மேஜைமேல் அப்படியே இருந்தது. அவள் என்ன, தெய்வப் பிறவியா? அவளுக்கும் வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள். நான் விடவில்லை. "நீங்க ஒண்ணும் உடைக்கலக்கா. சும்மா இருக்கறதுக்குப் பேரு உடைக்கறதா? அவருதான பரிசோதன வச்சாரு? நீங்க உள்ள இருந்துகிட்டே எல்லாத்துக்கும் முட்டுக் குடுத்துட்டுப் போனா அது என்ன பரிசோதன?"

இது நியாயமான கேள்வி. இன்றைக்கும் என் நியாயம் இதுதான்.

"புதன்கிழமை யாரு வெளிய விடறா தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா. "மூணாவது வரிசைல புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு, சத்தமே வராம பேசுமே, அது. அதோட முதல் வேலை அது. சிவப்பு வந்தா அது என்ன நெனைக்கும்? முத்திரை காலாவதியாயிடுச்சுன்னா நெனைக்கும்? தன் எழுத்த நோண்டிக்கிட்டு அழுதுகிட்டு உக்காந்திருக்கும்."

"ரெண்டு நாள் அழட்டுமே! உங்க சோறு போகுதுக்கா!"

"போகலாம்" என்றாள். "ஆனா அது அழுது நான் சாப்பிட வேண்டாம்."

முத்திரையைப் புதுசாக்கினாள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தான் இல்லாத நாளில் வரக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே தேடிப் பிடித்துச் சரிபண்ணினாள். கடைசி நாள் சாயங்காலம் ஒவ்வொரு குழுவின் புரோகிராமையும் கட்டிப் பார்த்தாள், வரிசையாகப் பச்சை. லாப்டாப்பை ஈரத்துணியால் துடைத்து, சுருக்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். தன் குழியைத் தானே வெட்டி, அதில் மண்கூட ஒட்டாமல் துடைத்துவிட்டுப் போன ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோபம் நாலைந்து நாள் நின்றது. பிறகு மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது அந்தப் புதன்கிழமை. நீளமான தாழ்வாரம், இரும்பு நாற்காலிகள், மருந்து வாசனை. அக்காவின் அம்மா ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா. மடியில் போன், திரை மேலே பார்க்க.

"இவ என்ன ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வந்தாளா, போனுக்குக் காவல் இருக்க வந்தாளா தெரியல" என்றாள் அம்மா என்னிடம். "ஒத்தக் கண்ணாலயே எனக்குத் தெரியுது. யாரு கூப்பிடணும்னு இப்படிக் காத்துகிட்டு இருக்கா?"

"யாருமில்லம்மா" என்றாள் அக்கா.

பொய். சிவப்பு வரக் கூடாது என்று எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு வந்தவள், ஒரே ஒரு சிவப்பு வராதா என்று உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தால் அழுகையாகவும் வந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது. தான் கைவைக்காத ஏதோ ஒன்று, தனக்கே தெரியாத ஏதோ ஒன்று, யாரையும் நோகடிக்காமல் லேசாக நின்றுபோய், "அக்கா, இது எப்படி?" என்று ஒரு குரல் கேட்டால் போதும் அவளுக்கு. அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா ஒரு மனுஷி?

போன் அடித்தது. அக்கா எடுத்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது.

நாத்தனார். வேறொரு படம். இந்தத் தடவை மூக்கு இல்லை, தாடை.

"அனுப்பு, பாக்கறேன்" என்றாள் அக்கா. பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் முடிந்தது. ஒன்றும் நிற்கவில்லை. மூன்றாவது வரிசைப் பெண்ணின் முதல் வேலை பச்சையாக வெளியே போனது, அவளுக்குக் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கை மட்டும்தான் தட்டியது.

அக்கா திரும்பி வந்த அன்று சுருக்கம் வாசலிலேயே வந்து வரவேற்றார். "அம்மா கண்ணு எப்படி இருக்கு?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கண்ணாடி அறையில் எல்லாரையும் கூட்டி, கேக் வாங்கி வைத்திருந்தார்.

"சுருக்கமா சொல்லணும்னா, இவங்க இல்லாதப்ப ஒண்ணுமே நிக்கல. ஒண்ணுமே! எவ்வளவு நல்லா வேலை பண்ணியிருந்தா அப்படி ஓடும்? இப்படி ஒருத்தர நான் பாத்ததே இல்ல." பாராட்டும் சீட்டுக் கிழிப்பும் ஒரே வாயில், ஒரே மூச்சில் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "நிக்காததுக்குக் காரணமே அக்காதான் சார்" என்றேன்.

"அதைத்தானம்மா நானும் சொல்றேன்!" என்றார் அவர், சந்தோஷமாக. இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

அக்கா கேக்கை வெட்டி எல்லாருக்கும் சம துண்டாகக் கொடுத்தாள். இனி இமேஜை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். "அதான் தானா ஓடுதே" என்றார் சுருக்கம். அக்கா தன் சார்ஜரை என் மேஜையில் வைத்துவிட்டு, "கேக்கறவங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்த இளவட்டங்கள் எல்லாரும், "நீங்க என்ன உருவாக்கினீங்க?" என்று கேட்டார்களாம். "உடையாம பாத்துக்கிட்டேன்" என்றாளாம் இவள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அதோடு கூப்பிடவில்லை. கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தாள். காலையிலிருந்து மூக்கு, தாடை, மூடிய கண். சொந்தக்காரர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "அதே இமேஜ் வேலைதான? வீட்டுக்குப் பக்கத்துலயே கிடைச்சது நல்லதாப்போச்சு" என்றார்கள். இதை அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாதங்கள் போயின. அக்கா சொன்ன மாதிரியே, இமேஜ் மெதுவாகப் பழசாகியது. யாருக்கும் தெரியவில்லை. பழகினவர்கள் பழைய டூலுக்கு ஏற்ற மாதிரி வளைத்து எழுதக் கற்றுக்கொண்டார்கள். வளைத்து எழுதுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படி எழுதினால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் மூன்றாவது வரிசையில் சலசலப்பு. சத்தம் வராமல் பேசுகிற அந்தப் பெண்ணின் பில்ட் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு நாளாக விழுகிறதாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய தேதி தவறிவிட்டது. "என் மேஜைல ஓடுதே" என்று அவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெர்ஷன் எண் தெரிந்தது. அக்கா கடைசியாக வைத்துவிட்டுப் போன வெர்ஷன். இந்தப் பெண் ஒழுங்காகப் புது முறையில் எழுதியிருந்தாள், மிஷினுக்கு அந்த முறையே தெரியாது.

மாடிப்படிக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நின்னுடுச்சு! கடைசில நின்னுடுச்சுக்கா! நீங்க வச்சுட்டுப் போன வெர்ஷன்லயே கிடக்குது, ஒருத்தன் தொடல. இப்ப போய் சுருக்கத்துக்கிட்ட நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கப் போறேன்."

அந்தப் பக்கம் ஸ்டூடியோவில் யாரோ குழந்தையைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"யாரு மாட்டினா?" என்று கேட்டாள் அக்கா.

சொன்னேன்.

"அந்தப் பொண்ணா? எத்தன நாளா?" குரல் மாறிவிட்டது. "சாப்பிட்டுதா அது? நீ சுருக்கத்துக்கிட்ட அப்புறம் போ. முதல்ல அதுகிட்ட போய்ச் சொல்லு, அது தப்பு இல்லன்னு. மிஷின்ல டூல் பழசுன்னு சொல்லு. இப்பவே போ."

போனேன். அந்தப் பெண் கணினியை மூடிவிட்டுப் பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இல்லக்கா, என் தப்புதான்" என்றாள். "எல்லாரும் எழுதற மாதிரி நான் எழுதல. மாத்தி எழுதிட்டேன், இப்ப ஓடுது. சார்கிட்டயும் என் தப்புதான்னு ஒத்துக்கிட்டேன்."

"அடி, மிஷின்தான் பழசு! நீ எழுதினது சரி!"

"மத்தவங்களுக்கெல்லாம் ஓடுதேக்கா" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

சுருக்கத்திடம் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். "எதுவும் நிக்கலையேம்மா" என்றார். "புதுப் பொண்ணு, ஏதோ தப்பா எழுதிடுச்சு. அதுவே ஒத்துக்கிட்டு சரியும் பண்ணிடுச்சு. திட்டக்கூட இல்ல நான். அடுத்த ப்ராஜெக்ட்ல சின்ன வேலையா குடுத்துப் பாப்போம்." சிரித்த முகத்தோடு என் பிள்ளையின் படிப்பை விசாரித்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்கா கூப்பிட்டாள். அப்போதிலிருந்து இதே நினைப்பாக இருந்திருப்பாள்.

"சொன்னியா அந்தப் பொண்ணுகிட்ட?"

"சொன்னேன்க்கா."

"அதோட தப்பு இல்லன்னு தெளிவா சொன்னியா? நம்பிட்டாளா?"

இரண்டு வரிசை முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். குனிந்து, தான் எழுதியதையே மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பிட்டாக்கா" என்றேன்.

"அப்பாடா" என்றாள் அக்கா. எதை நம்பினாள் என்று அவள் கேட்கவில்லை.